மாடு வண்டியை இழுக்க, வண்டியும் மாட்டை இழுத்தால் அது நகர்வது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மாடு வண்டியை இழுக்கும் அதே விசையில் வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுமே, வண்டி எப்படி நகர்கிறது? தேர்வில் இதற்கு எப்படி விடை எழுதுவது?

பதில்: அருமையான கேள்வி. விதியை மனப்பாடம் செய்தவருக்கு இந்தச் சந்தேகம் வராது, யோசித்தவருக்குத்தான் வரும். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா' என்ற தன் நூலில் நியூட்டனே ஏறக்குறைய இதே உதாரணத்தைத் தருகிறார். கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுக்கும்போது, கல்லும் குதிரையை அதே அளவுக்குப் பின்னால் இழுக்கிறது என்கிறார்.

விசையும் எதிர்விசையும் சமம், எதிரெதிர்த் திசை. இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவை ஒரே பொருளின் மீது செயல்படுவதில்லை. நான் உங்களுக்கு 100 ரூபாய் கொடுத்தால் என்னிடம் 100 குறைகிறது, உங்களிடம் 100 கூடுகிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்தான். அதற்காக உங்கள் பையில் ஒன்றுமே சேரவில்லை என்று சொல்ல முடியுமா? விசையும் அப்படித்தான். வண்டி நகருமா என்று கேட்டால், வண்டியின் மீது செயல்படும் விசைகளை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பாரத்தோடு வண்டி 500 கிலோ, இரண்டு மாடுகளும் சேர்ந்து 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாடுகள் வண்டியை 400 நியூட்டன் விசையுடன் முன்னோக்கி இழுக்கின்றன. அச்சிலும் சக்கரத்திலும் உள்ள தடை 300 நியூட்டன். ஆக வண்டியின் மீது நிகர விசை 100 நியூட்டன். அதை 500-ஆல் வகுத்தால் முடுக்கம் 0.2 மீ/வி².

அப்போது மாட்டைப் பின்னால் இழுக்கும் 400 நியூட்டன் என்ன ஆனது? அது எங்கும் போகவில்லை. நுகத்தடி பின்னோக்கித் திமிலை அழுத்துகிறதே, அதுதான் அந்த விசை. அதையும் மீறி மாடு முன்னே போக, அதை முன்னால் தள்ள யாராவது வேண்டும். தள்ளுவது தரை. வண்டி கிளம்பும்போது மாட்டின் காலைக் கவனித்துப் பாருங்கள்: உடம்பை முன்னே சாய்த்து, குளம்பை ஊன்றி, மண்ணைப் பின்னால் உந்தும். புழுதி பின்பக்கம் சிதறும். மாடு தரையைப் பின்னால் தள்ள, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. இந்த விசை 540 நியூட்டன் என்றால், 400 போக மீதி 140. அதை 700-ஆல் வகுத்தால் அதே 0.2! வண்டியும் மாடும் ஒன்றாகத்தானே போகின்றன, அதனால் முடுக்கமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வழுக்கும் சேற்றில் எவ்வளவு பலமான மாடும் திணறுவது ஏன் என்றும் இப்போது புரியும். தரையிலிருந்து அந்த 540 கிடைக்காது.

வேகம் பிடித்தபின் ஒரே சீராகப் போகும்போது, மாடு 300 நியூட்டன் விசையில் இழுத்தாலே போதும். தடையும் 300, நிகர விசை பூஜ்யம், ஆனாலும் வண்டி ஓடும். நிகர விசை இல்லாதபோது ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் நியூட்டனின் முதல் விதி.

இதே குழப்பம் இன்னொரு இடத்திலும் வரும், அங்கே நிறையப் பேர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மேசை மேல் 1 கிலோ புத்தகம். எடை 9.8 நியூட்டன் கீழே, மேசை தாங்கும் விசை 9.8 நியூட்டன் மேலே. இவை விசை-எதிர்விசை ஜோடி என்று எழுதாதீர்கள்! இரண்டும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. மேசையை லிஃப்டில் வைத்து 1 மீ/வி² முடுக்கத்தில் மேலே கொண்டுபோனால், மேசை தாங்கும் விசை 10.8 ஆகிவிடும், எடை 9.8-ஆகவே இருக்கும். மூன்றாம் விதியின் ஜோடி ஒருபோதும் இப்படிச் சமமற்றுப் போகாது. எடைக்கு உண்மையான ஜோடி, புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை.

தேர்வில் ஒவ்வொரு விசையையும் 'வண்டியின் மீது மாடு செலுத்தும் விசை' என்று இரண்டு பெயரும் வரும்படி எழுதுங்கள். பெயர்களை இடம் மாற்றினால் எதிர்விசை கிடைத்துவிடும். அப்புறம் வண்டிக்கு ஒரு படம், மாட்டுக்கு ஒரு படம் எனத் தனித்தனியாக வரைந்து, அந்தந்தப் பொருளின் மீதுள்ள விசைகளுக்கு மட்டும் அம்புக்குறி போடுங்கள்.