வாக்கிங் போதுமா, தாய்ச்சியும் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. ஞாபகமறதி என்று எதுவும் இல்லை. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்தால் மூளை கூர்மையாகும் என்கிறாள் மகள். நடையை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா? வீடியோ பார்த்துக் கற்றால் போதாதா?

பதில்: நடையை விடாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாய்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2014-இல் தாய்ச்சி பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதில், மறதி நோய் இல்லாத முதியவர்களிடம் பலன் பளிச்சென்று தெரிந்தது மூளையின் மேலாண்மைத் திறனில்தான். திட்டமிடுவது, இரண்டு வேலைகளுக்கு இடையே கவனத்தை மாற்றுவது, சட்டென்று செய்ய வந்ததை அடக்கிக்கொள்வது எல்லாம் அந்தத் திறனுக்குள் வரும்.

ஏன் என்பது ஓர் அசைவைச் செய்து பார்த்தாலே புரியும். ‘மேகக் கைகள்’ என்று ஒன்று உண்டு. ஒரு கை முக உயரத்தில், மற்றது தொப்புள் உயரத்தில். கண் மேல் கையைத் தொடர வேண்டும். திரும்புவது இடுப்பு, கை அதன்பின் போகும். உடல் எடை முழுவதும் ஒரு காலுக்குப் போன பிறகே அடுத்த கால் நகர வேண்டும். அந்த நேரத்தில் கைகள் இடம் மாறியிருக்க வேண்டும். அடுத்து எந்த அசைவு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கவனம் கொஞ்சம் சிதறினாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. மனம் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம்.

அதனால்தான், பாடம் மனப்பாடமானதும் அதையே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பேன். முதலில் 8 அசைவுத் தொடர், அப்புறம் 1956-இல் உருவான 24 அசைவுத் தொடர், அதுவும் பழகிவிட்டால் இடம் வலம் மாற்றிச் செய்யுங்கள்.

வீடியோவைவிட வகுப்பே மேல். ஷாங்காயில் 120 முதியவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து 40 வாரம் கவனித்தார்கள். தாய்ச்சி குழுவினருக்கு மூளையின் கன அளவு சற்றுக் கூடியது. வேடிக்கை என்னவென்றால், கூடி உட்கார்ந்து பேசிய குழுவுக்கும் கூடியது! சிறிய ஆய்வுதான், ஆனால் வகுப்பில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். தவிர, முழங்காலைத் தவறாகத் திருப்பினால் வீடியோ சொல்லாது.

பலன் தெரிய ஆறு மாதமாவது கொடுங்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி நிரூபணம் ஆகவில்லை.

முழங்கால் வலி இருந்தால் தாழ்ந்து நிற்காதீர்கள், நிமிர்ந்த நிலையிலேயே செய்யலாம். மடக்கும் முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. தலைசுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். தடித்த மெத்தை அடி வைத்த ஷூ வேண்டாம், தட்டையான மெல்லிய அடிதான் இதற்குச் சரி.