மெஷின் பில் கணவர் பெயரில். உடைத்ததற்கு நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: எட்டு மாதமாக அம்மா வீட்டில் இருந்து தையல் வேலை பார்க்கிறேன். போன மாதம் கணவர் குடித்துவிட்டு வந்து தையல் மெஷினைத் தள்ளி உடைத்தார். தைக்கக் கொடுத்திருந்த மற்றவர்களின் ஜாக்கெட் துணிகளையும் கத்தரியால் கிழித்துவிட்டார். இனி அவர் வாசல் பக்கமே வரக்கூடாது. நஷ்டத்துக்குத் தனியாக சிவில் கேஸ் போட வேண்டும் என்கிறார்கள். மெஷின் பில் வேறு அவர் பெயரில் இருக்கிறது. "என் பொருளை நான் உடைத்தேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தனி கேஸ் தேவையில்லை சகோதரி. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், 12-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடும் ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம். வரவோ போனில் தொல்லை கொடுக்கவோ கூடாது என்று தடுப்பது 18-வது பிரிவு. உடைத்ததற்குப் பணம் 20-வது பிரிவில். மன உளைச்சலுக்கான இழப்பீடு 22-வது பிரிவில். அது தனிக் கணக்கு. இப்போது அம்மா வீடு இருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

பில்லைப் பற்றிப் பயப்படாதீர்கள். 20-வது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் 'கட்டுப்பாட்டில்' இருந்த பொருளை அழித்தாலோ சேதப்படுத்தினாலோ எடுத்துச் சென்றாலோ ஏற்படும் நஷ்டம் என்றுதான் சொல்கிறது. யார் பெயரில் வாங்கியது என்று கேட்கவில்லை. எட்டு மாதமாக அந்த மெஷினை மிதித்துச் சம்பாதித்தது நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பில்லை நீட்டத்தான் செய்வார், நீட்டட்டும். கிழிந்த துணிகளுக்கும் என் வாதம் இதுவே: அவை ஊரார் துணி, ஆனால் உங்கள் பொறுப்பில் இருந்தவை. யாருக்காவது ஈடு கொடுத்திருந்தால், ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மனுக்கள் சறுக்குவது சட்டத்தில் அல்ல, கணக்கில். "வீட்டுச் சாமான்களை உடைத்துப் பெருத்த நஷ்டம் ஏற்படுத்தினார்" என்று ஒரே வரியில் எழுதினால் நடுவர் (மாஜிஸ்திரேட்) எந்தத் தொகையைப் போடுவார்? மெஷின் எந்த வருடம் வாங்கியது, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாள் வேலை நின்றது, எல்லாம் தனித்தனியாக வரவேண்டும். வருமான இழப்பையும் அதே பிரிவில் கேட்கலாம். உங்கள் அளவு நோட்டுதான் இதற்கு முதல் சாட்சி: யாருடைய துணி, எந்தத் தேதி, எவ்வளவு அட்வான்ஸ் என்று அதில் இருக்கும். நோட்டைக் கிழிக்காமல், அடித்துத் திருத்தாமல் அப்படியே வையுங்கள்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்டுப் பிரமாணப் பத்திரமும் சேர்த்துப் போடுங்கள். அவர் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே ஒருதலைப்பட்சமாகத் தடை கிடைக்க வழி உண்டு. பணம் பெரும்பாலும் பிறகுதான் வரும்.

தடையை மீறினால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டாமல் இழுத்தடித்தால் வழி வேறு. அவர் சம்பளக்காரர் என்றால், சம்பளத்திலிருந்து பிடித்து உங்களுக்கோ கோர்ட்டிலோ செலுத்தும்படி முதலாளிக்கே நடுவர் உத்தரவிடலாம். எனவே அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி மனுவில் இருக்கட்டும்.

போலீசில் புகார் கொடுத்தால் இந்த மனு பாதிக்காது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி இணையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மனு எழுத உதவுவது அவர் கடமை, கட்டணம் கிடையாது.

மெக்கானிக் மெஷினில் கை வைப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். அதுவரை உடைந்த பாகம் ஒன்றுகூடப் பழைய இரும்புக்குப் போகக்கூடாது.