கட்பீஸ் மூட்டையில் டெரிகாட்டன் வந்தால்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டிலிருந்தே குயில்ட் (துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்து விற்கிறேன். ஒரு ஏஜெண்டிடம் 'பியூர் காட்டன்' என்று 12 கிலோ கட்பீஸ் வாங்கினேன். அதில் தைத்த முதல் குயில்ட்டை ஒருமுறை துவைத்ததுமே சில கட்டம் சுருங்கி, சில கட்டம் உப்பிவிட்டது. இஸ்திரி போட்ட இடத்தில் பளபளப்பு விழுகிறது. ஏஜெண்டைக் கேட்டால் 'டெரிகாட்டனும் காட்டன்தானே' என்கிறார். மிச்சத் துணியை என்ன செய்வது? இதற்கிடையே ஒருவர் இறந்துபோன தன் அப்பாவின் சட்டைகளைக் கொடுத்து குயில்ட் கேட்கிறார். அவையும் டெரிகாட்டன்தான். அந்த வேலையை எடுக்கலாமா?

பதில்: ஏஜெண்ட் சொன்னது பாதி உண்மை. டெரிகாட்டன், பாலிகாட்டன், பி.சி., மிக்ஸ் காட்டன் என்று கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் அது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. சட்டைத் துணியில் அதிகம் புழங்குவது 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. அதை குயில்ட்டில் போடவே கூடாது என்றில்லை. நனைத்தெடுக்காத புதுக் காட்டனோடு ஒரே போர்வையில் சேர்க்கக் கூடாது. நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்.

புதுக் காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். கைத்தறி இன்னும் கூடச் சுருங்கலாம். 65/35 கலப்புத் துணி அதைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். 6 அங்குலக் காட்டன் கட்டம் நூற்றுக்கு 4 சுருங்கினால் ஏறக்குறைய கால் அங்குலம் போய்விடும். பக்கத்தில் இருக்கிற டெரிகாட்டன் கட்டம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். சுற்றியுள்ள காட்டன் இழுக்க இழுக்க, நடுவில் மாட்டிய டெரிகாட்டனுக்குப் போக இடமில்லாமல் மேலே உப்பும். தையலில் குற்றமில்லை. பிரித்துத் தைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உப்பிய கட்டங்களில் மட்டும் ஒன்றரை அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கூடுதல் தையல் ஓட்டி, நடுவில் இருக்கும் பஞ்சு ஷீட்டோடு அமுக்கிவிடுங்கள். முழுசாகச் சரியாகாது, விற்கிற அளவுக்கு வரும். பளபளப்போ போகவே போகாது. சூட்டில் பாலியஸ்டர் இழை நசுங்கித் தட்டையானதால் வந்தது அது. அந்த இடத்தில் மேலே வேறு துணி ஒட்டித் தைப்பதுதான் வழி.

இனி மூட்டைக்கு வருவோம். ஒவ்வொரு துணியிலிருந்தும் பாவில் (நீளவாட்டில்) ஒரு நூல், ஊடையில் (குறுக்குவாட்டில்) ஒரு நூல் தனித்தனியாக உருவுங்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். பாவு காட்டனாகவும் ஊடை பாலியஸ்டராகவும் நெய்த துணி நிறைய வருகிறது. நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர் ஊற்றிய ஸ்டீல் தட்டு வைத்து, விளக்குச் சுடரில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விட்டால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுத்த கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். பாதி சாம்பலும் பாதி மணியுமாக வந்தால் கலப்பு. துணித்துண்டை அப்படியே கொளுத்தாதீர்கள், உருகிச் சொட்டும் பாலியஸ்டர் தோலில் ஒட்டினால் சதையோடு வரும்.

ஏஜெண்டுகள் கடையில் காட்டும் வித்தைகளை நம்பாதீர்கள். தண்ணீர் சொட்டு விட்டுக் காட்டுவார்கள். கஞ்சி ஏறிய நல்ல காட்டன்கூட முதலில் தண்ணீரை உறிஞ்சாது. கசக்கிக் காட்டுவார்கள். கசங்காமல் இருக்க மருந்து போட்ட காட்டனும் உண்டு. தீ வைத்தும் காட்டுவார்கள், ஆனால் நூலை எந்தப் பீஸிலிருந்து உருவினார்கள் என்பதுதான் கேள்வி. மூட்டைக்கு வெளியே சுற்றியிருப்பது முதல்தரக் காட்டன், உள்ளே போகப்போக டெரிகாட்டன், நடுவில் பனியன் துணி, அடியில் சூரத் சிந்தெடிக். கிலோ கணக்கு என்பதால் கஞ்சியின் எடைக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். பில் கிடையாது, திருப்பி எடுப்பதும் கிடையாது. மூட்டையை உங்கள் முன்னால் அடிவரை பிரிக்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். அதைவிட, உள்ளூர்த் தையல்கடைகளில் மிச்சத் துணியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவது மேல்.

சட்டம் இல்லாமல் இல்லை. துணியில் என்ன கலந்திருக்கிறது என்பதைத் துணியிலேயே அச்சிட வேண்டும் என்று 1988-லேயே ஒழுங்குமுறை வந்தாயிற்று. மில் துணியின் முழுப் பீஸில் கரையோரம் பார்த்தால் தெரியும். கட்பீஸாக வெட்டியதும் கரை போகிறது, சட்டமும் கூடவே போகிறது. சரியான விகிதம் வேண்டுமென்றால் 75 சதவீதக் கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்து, மிஞ்சும் பாலியஸ்டரை எடைபோட வேண்டும். அதற்குக் கோயம்புத்தூர் சிட்ரா போன்ற ஆய்வகம் வேண்டும். 12 கிலோ கட்பீஸுக்காகக் குமரி மாவட்டத்திலிருந்து யார் கோவைக்கு வண்டி ஏறுவார்கள்? தையல் வகுப்புகளிலாவது இதைச் சொல்லித் தரலாம். பிளவுஸ் வெட்டுவதோடு முடித்து சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பிரித்த குவியலில் காட்டனை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி, காயவைத்து, லேசான ஈரத்தோடு இஸ்திரி போட்டபிறகுதான் வெட்ட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறினால் சாயம் நிற்கும் என்பார்கள், நிற்காது. முழு சிந்தெடிக்கை மிதியடிக்கு ஒதுக்குங்கள். அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணிக்கு அதையும் வேண்டாம், டெரிகாட்டனையும் வேண்டாம், உருகும்.

டெரிகாட்டன் குவியலைத் தனியாகத் தையுங்கள். மேல்துணி, அடித்துணி இரண்டும் கலப்பு, நடுவில் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) பாலியஸ்டர் பஞ்சு ஷீட். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் காட்டன் குயில்ட் நாள்கணக்கில் காயாமல் நாற்றம் எடுக்கும், இது சீக்கிரம் உலரும். அதைச் சொல்லியே விற்கலாம். விளிம்பில் நூல் பிரிவதால் தையலுக்கு இரண்டு நூல் (கால் அங்குலம்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) விடும் இடத்தில் மூன்று நூல் விடுங்கள். புது ஊசி, 11 அல்லது 14 நம்பர். ஸ்பன் பாலியஸ்டர் நூல், அங்குலத்துக்கு 10 தையல். இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் குறிக்கு ஏற்றவே கூடாது, 150 டிகிரி போதும், மேலே ஈரத்துணி போட்டுத் தேய்க்க வேண்டும். மடிப்பு நிற்காமல் எழும்பும். பெட்டியை எடுத்த கையோடு அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சூடு ஆறும்வரை அமுக்கினால் படியும். கரிப்பெட்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள், அதில் சூட்டைக் குறைக்க வழியில்லை. பஞ்சு ஷீட் வாங்கும்போது மேற்பரப்பை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். இழை கையோடு வந்தால் அந்த இழையே நாளை துணி வழியாக மயிர் மயிராக வெளியே வரும்.

அப்பாவின் சட்டைகளை எடுக்கலாம். காட்டனோடு கலக்கவும் செய்யலாம். பல வருடம் துவைத்துப் போட்ட சட்டையில் காட்டனாக இருந்தாலும் சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்திருக்கும். ஆகவே அந்தச் சட்டைகளுக்குள் எது டெரிகாட்டன், எது காட்டன் என்று கவலைப்பட வேண்டாம். ஆபத்து நீங்கள் புதிதாகச் சேர்ப்பதில்தான். கட்டங்களுக்கு இடையே பட்டி கொடுக்கவோ அடியில் போடவோ புதுக் காட்டன் வாங்கினால், இரண்டு தடவை வெந்நீரில் நனைத்துக் காயவைத்தபின் வெட்டுங்கள்.

சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோளும் கழுத்தும் இழை தேய்ந்திருக்கும், அவை வேண்டாம். முதுகுப் பகுதியில்தான் பெரிய துண்டு கிடைக்கும், அடுத்தது முன்பக்கம். பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஒரு கட்டமாக எடுங்கள், கேட்டவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். வியர்வைக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், மருந்து ஏற்றிய டெரிகாட்டன் மஞ்சளாகிவிடும்.

பழைய டெரிகாட்டன் மெலிந்து வழுக்கும், தனியாகத் தைத்தால் கோணும். நன்றாகத் துவைத்துப் பழகிய காட்டன் வேட்டியை 8 அங்குலச் சதுரமாக வெட்டி, அதன்மேல் சட்டைத் துண்டை வைத்து, இரண்டின் பாவும் ஒரே திசையில் ஓடுமாறு பார்த்து, ஓரத்தில் பெரிய தையலாக ஓட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து 7 அங்குலத்துக்கு நறுக்குங்கள். வேட்டி பிடித்துக்கொள்வதால் இங்கே இரண்டு நூல் தையல் இடம் போதும், தைத்தபின் கட்டம் ஆறரை அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9 என்று 63 கட்டம் வைத்தால் 45½ × 58½ அங்குலம் வரும். ஒரு சட்டையில் சேதமில்லாமல் 10 கட்டம் தேறினால் 7 சட்டை வேண்டும். குறைவாகக் கொடுத்திருந்தால் இடையில் வேட்டியே கட்டமாகப் போகட்டும்.

கத்தரி வைக்கும்முன் எல்லாச் சட்டையையும் அவர் கண்முன் எண்ணி, எதை வெட்டக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பணமும் அப்போதே வாங்கிவிடுங்கள்.