டோக்கியோ வரும் தம்பிக்கு: முதலில் வீடு

அடுத்த மாதம் டோக்கியோவில் வேலைக்குச் சேரப் போகும் தம்பி ஒருவர், சைவச் சாப்பாடு கிடைக்குமா, குளிர் தாங்குமா, மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு கேள்வியிலும் வீடு என்ற பேச்சே இல்லை!

சாப்பாட்டுக் கவலையை விடுங்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாய் பக்கம் போனால் பருப்பு, புளி, மசாலா எல்லாம் கிடைக்கும். ஜப்பானியக் கடையில் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள், காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 'ஷிகிகின்' என்ற முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லித் தரும் 'ரெய்கின்' (திரும்பி வராது), தரகர் கூலி, வாடகைக்கு உத்தரவாதம் நிற்கும் நிறுவனத்துக்குக் கட்டணம், தீ காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு என்று பல வீடுகளில் உள்ளே நுழையவே நாலைந்து மாத வாடகை போய்விடும். அரசு சார்ந்த 'யூஆர்' நிறுவனத்தின் குடியிருப்புகளில் ரெய்கின், தரகர் கூலி, உத்தரவாதம் எதுவும் கிடையாது. வருமான நிபந்தனை உண்டு, ஆனாலும் முதலில் அதைப் பாருங்கள்.

நான் வந்தபோது இதைச் சொல்ல ஆளில்லை. தரகர் என் எதிரிலேயே வீட்டுக்காரருக்கு போன் போடுவார், "வெளிநாட்டவர்" என்பார், கொஞ்ச நேரம் தலையாட்டுவார், போனை வைத்துவிட்டு எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்பார். அவ்வளவு மரியாதையாக என்னை வேறு யாரும் துரத்தியதில்லை. ஒருவழியாகக் கிடைத்த வீட்டில் விளக்கு இல்லை, திரை இல்லை, அடுப்பும் இல்லை. இங்கே பெரும்பாலும் அப்படித்தான், எல்லாம் நாம்தான் வாங்கிப் போட வேண்டும். காஸ் திறந்துவிட ஆள் வரும்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே நாள் குறித்திருக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். குளிரைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

குடிபோன 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். அப்புறம் குப்பை. எரியும் குப்பை, எரியாத குப்பை, பெட் பாட்டில் (மூடியும் லேபிளும் கழற்றி) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், அதை உறைய வைக்கும் பொடி நூறு யென் கடையில் விற்கிறது. பழைய சோபாவைத் தூக்கி எறிவதற்குக்கூட முன்பதிவு செய்து, கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். தவறு செய்தால் யாரும் நேரில் திட்ட மாட்டார்கள். பை மட்டும் 'எடுக்க முடியாது' என்ற ஸ்டிக்கரோடு அங்கேயே கிடக்கும். சத்தமும் அப்படித்தான். மரத்தால் கட்டிய 'அபாத்தோ' வீட்டில் காலை ஆறு மணிக்கு மிக்சி ஓடி, குக்கர் விசிலடித்தால் மறுநாள் தபால் பெட்டியில் "குடியிருப்போர் அனைவருக்கும்" என்று பணிவான ஒரு தாள் கிடக்கும். அது உங்களுக்கு மட்டும்தான்.

மிச்சம் பிடிப்பது பற்றி: முதல் வருஷச் சம்பளச் சீட்டைப் பார்த்து ஊரில் இஎம்ஐ போடாதீர்கள். குடியிருப்பு வரி முந்தைய வருஷ வருமானத்துக்குக் கணக்கிட்டு அடுத்த ஜூனிலிருந்துதான் பிடிக்க ஆரம்பிப்பார்கள், ஏறக்குறைய பத்து சதவீதம்.

மொழி? தெரியாமலும் சமாளிக்கலாம். நம் ஆட்கள் சிலர் நிஷி-கசாயை விட்டு நகராமல், பிள்ளையின் பள்ளிக் கடிதத்தை இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கச் சொல்லியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிறகு "ஜப்பான்காரன் ஒட்டவே மாட்டான்" என்று புலம்பல் வேறு. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது வார்டு மையத்தின் தன்னார்வ வகுப்பில் இருந்த ஒரு பாட்டி. பாடம் முடிந்தால் ஊறுகாய் தருவார், பதிலுக்கு நான் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனேன். காரம் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே "ஓய்ஷி" (ருசியாக இருக்கிறது) என்றவர், அடுத்த வாரம் காலி பாட்டிலைக் கழுவித் துடைத்து, லேபிளையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.