ஃபைபர் பாடி காரில் சாட்டிலைட் ரேடியோ ஆண்டெனாவை எங்கே ஒளிப்பது?

கேள்வி: நான் டெக்சாஸில் இருக்கிறேன். ஆசைப்பட்டு ஒரு பழைய 2002 கார்வெட் கூப்பே (இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன், சி5 மாடல். சிரியஸ்எக்ஸ்எம் என்ற சாட்டிலைட் ரேடியோவை மாட்டலாம் என்று பார்த்தால், அதனுடன் வந்த காந்த ஆண்டெனா காரில் எங்கே வைத்தாலும் ஒட்டாமல் வழுக்கி விழுகிறது. கடையில் கேட்டால் பின்பக்கம் ஒரு துளை போட்டுத் திருகிவிடலாம் என்கிறார்கள். துளை போட மனம் வரவில்லை. கறுப்பாக ஒரு வில்லை காரின் முதுகில் உட்கார்ந்திருப்பதும் பிடிக்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: துளை போடவே வேண்டாம். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, இரும்பு பாடி கார்களிலேயே வேலை செய்து பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் உங்கள் கார் வேறு ஜாதி. 1953-இல் முதல் கார்வெட் வந்த நாளிலிருந்தே அதன் மேல்தோல் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்தான். உங்கள் சி5-உம் அப்படியே. காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் அதே காரணத்தால் ரேடியோ அலை அந்தத் தோலை ஊடுருவிப் போகும். இரும்பு காரின் சொந்தக்காரர் கனவிலும் நினைக்க முடியாத வசதி இது, ஆண்டெனாவைத் தோலுக்கு அடியிலேயே வைத்துவிடலாம்!

சாட்டிலைட் ரேடியோ வருவது 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், அலைநீளம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். இந்த அலைக்கு உலோகம் என்றால் சுவர், ஃபைபரும் பிளாஸ்டிக்கும் ஏறக்குறையத் திறந்த ஜன்னல். இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபைபர் என்றதும் கார்பன் ஃபைபரையும் அதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், அதனால் அலையை மறைக்கும். முன்பு காரை வைத்திருந்தவர் பானெட்டையோ வேறு பாகத்தையோ கார்பனுக்கு மாற்றியிருந்தால் அதற்கு அடியில் வைத்துப் பயனில்லை.

ஃபைபர் பாடியில் பலரும் கோட்டைவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன வில்லைக்குள் இருப்பது ஒரு பீங்கான் தகடும் குட்டி ஆம்ப்ளிஃபையரும். அதற்கு வானம் மட்டும் தெரிந்தால் போதாது, கீழே உலோகப் பரப்பும் வேண்டும். இரும்பு காரின் கூரையில் வைக்கும்போது கூரையே அந்த வேலையைப் பார்த்துவிடும், யாரும் கவனிப்பதுகூட இல்லை. பிளாஸ்டிக் மேல் வைத்தால் சிக்னல் சொங்கிப்போகும், பழி ரேடியோ மேல் விழும். ஆகவே 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு வெட்டி வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஓரங்களை ராவிவிடுங்கள். அலுமினியமும் அலைக்குச் சரிதான், ஆனால் இரும்பென்றால் ஆண்டெனாவின் காந்தம் தானே பிடித்துக்கொள்ளும்.

எங்கே வைப்பது? என் ஓட்டு பின்பக்க பம்பர் உறையின் மேல்பகுதிக்கு, அதாவது ஹாட்ச் (மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு) கண்ணாடி முடியும் இடத்துக்கும் டெயில் லைட்டுகளுக்கும் நடுவே உள்ள பட்டையான பகுதியின் அடியில். பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்தான் அது. டெயில் லைட்டின் டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை) திருகாணியைக் கழற்றி லைட்டை வெளியே எடுத்தால், கை நுழையும் அளவுக்கு வழி கிடைக்கும். தகடும் ஆண்டெனாவும் சேர்ந்து கிடைமட்டமாக, வானத்தைப் பார்த்தபடி, மேல்தோலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் எதுவும் ஆண்டெனாவுக்கு மேலே வரக்கூடாது, கீழே இருந்தால் பரவாயில்லை.

திசையும் முக்கியம். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, மேற்குத் தீர்க்கரேகை 85-க்கும் 115-க்கும் அருகே நிற்கின்றன. டெக்சாஸிலிருந்து பார்த்தால் தெற்கு வானத்தில் ஏறக்குறைய 50 டிகிரி உயரம், அதாவது நல்ல உயரம்தான். சியாட்டில் மாதிரி வடமேற்கு மூலையில் இருப்பவருக்கு 85-இல் நிற்பது 25 டிகிரிக்குள் இறங்கிவிடும், அங்கே ஒரு மரமோ கட்டடமோ குறுக்கே வந்தாலும் போச்சு. நீங்கள் அந்த வகையில் கொடுத்து வைத்தவர்.

டேஷ்போர்டுக்கு அடியில் வைக்கலாமே, கேபிள் வேலை மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் வடக்கே ஓட்டும்போது செயற்கைக்கோள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நடுவே கூரையும் அதைத் தாங்கும் உலோகச் சட்டமும் நிற்கும். டெக்சாஸின் வடக்கே உள்ள டாலஸை நோக்கிப் போகும்போது மட்டும் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். போதாததற்குப் பயணி பக்கத்து ஏர்பேக் டேஷ்போர்டில்தான் இருக்கிறது, அதன் மூடிக்கு மேலோ கீழோ எதையும் ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. ஹாட்ச் கண்ணாடிக்கு உள்பக்கம் வைப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் கண்ணாடி முழுக்க ஓடுகின்றன, 13 சென்டிமீட்டர் அலைக்கு அவை ஒரு கம்பி வேலி. கண்ணாடியில் உலோகம் கலந்த டின்ட் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்.

நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். தகட்டை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, கேபிளை ஹாட்ச் இடுக்கு வழியாகவே உள்ளே இழுத்து, ரேடியோ மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும், ஒன்று செயற்கைக்கோளிலிருந்து வருவது, மற்றது அதையே மறுபடி ஒலிபரப்பும் தரையிலுள்ள ரிப்பீட்டர் கோபுரத்திலிருந்து வருவது. பெரிய நகரங்களில் ரிப்பீட்டர் சிக்னல் பலமாக இருப்பதால் ஆண்டெனாவைச் செருப்புக்குள் வைத்தாலும் பாட்டு வரும், அதை நம்பி எல்லாவற்றையும் மூடித் திருகிவிட்டால், வார இறுதியில் ஊரைத் தாண்டியதும் அமைதியாகிவிடும். செயற்கைக்கோள் கோட்டை மட்டும் பாருங்கள், அதுவும் திறந்த வெளியில், காரை நான்கு திசைக்கும் திருப்பி நிறுத்தி. இன்னொன்று, ரேடியோ சில நொடிகளைச் சேமித்து வைத்துத்தான் பாடும், பாலத்துக்கு அடியில் போனாலும் அறுந்துபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால் ஆண்டெனாவை நகர்த்திய உடனே பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

கேபிள் பொதுவாக ஆறேழு மீட்டர் வரும், கார்வெட்டுக்குத் தாராளம். ஏற்கெனவே கம்பிகள் போகும் ரப்பர் குரோமெட் (துளை ஓரத்து ரப்பர் வளையம்) வழியாக உள்ளே கொண்டுவந்து, கார்ப்பெட்டுக்கு அடியில், கதவுப் படியோரமாக முன்னே இழுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று வெட்டி ஒட்டாதீர்கள், ஆம்ப்ளிஃபையருக்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. நீளம் மிஞ்சினால் தளர்வான வளையமாகச் சுருட்டிக் கட்டினால் போதும். கூர்மையாக மடிப்பதும், சீட் தண்டவாளத்தில் நசுங்க விடுவதும்தான் கேபிளுக்கு எமன். உங்கள் காரில் நான்கு புகைக்குழாய்களும் பின்பக்கம் நடுவில் இருக்கின்றன, ஆகவே ஆண்டெனாவையும் கேபிளையும் நடுவிலிருந்து தள்ளி ஒரு ஓரமாகவே வையுங்கள்.

ஒட்டுவதற்குச் சாதாரண டபுள் சைடு டேப் கூடவே கூடாது. நான் முதன்முதலில் இப்படிச் செய்தபோது அதைத்தான் போட்டேன். ஜூலை வெயிலில் பசை இளகி, தகடு ஒரு பக்கம் கழன்று, ஆண்டெனா தலைகீழாகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. அது தெரியாமல் இரண்டு வாரம் ரேடியோவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வெப்பம் தாங்கும் வெளிப்புற ஃபோம் டேப்போடு, உள்ளே இருக்கும் சட்டத்தில் ஒரு எல் வடிவ கிளாம்ப் வைத்துக் கேபிள் டையால் இறுக்கிவிட்டால் பிறகு அசையாது. அந்தச் சட்டத்திலும் புதிதாகத் துளை போடாமல் இருக்கும் ஓட்டையையே பயன்படுத்துங்கள்.

போனில் ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், சான் ஆண்டோனியோவிலிருந்து எல் பாசோ பக்கம் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், போன் சிக்னல் எத்தனை இடத்தில் படுத்துக்கொள்கிறது என்று தெரியும்.

மியாட்டா மாதிரி உலோக பாடி சின்ன கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கிக்குள் தகடு வைத்தால் ஒன்றும் வராது. அங்கே பிளாஸ்டிக்காக இருப்பது பம்பர் உறை மட்டும்தான், அதன் மேல்பகுதியில் இடம் கிடைத்தால் இதே முறை ஓடும். கிடைக்காவிட்டால் டேஷ்போர்டு ஓரம், ஏர்பேக்கைத் தவிர்த்து, வடக்கே போகும்போது வரும் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு.