தொட்டுப் பார்க்காமல் மூட்டு வீக்கம் தெரியுமா?

கேள்வி: என் 7 வயது மகளுக்கு ஒரு வருடமாக ஜே.ஐ.ஏ. என்கிற, பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கிறோம். மருத்துவமனை ரொம்ப தூரம் என்பதால், இனி ஒருமுறை விட்டு ஒருமுறை வீடியோ காலில் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். தொட்டுப் பார்க்காமல் என்ன தெரியும்? சம்மதிக்கலாமா?

பதில்: தாராளமாகச் சம்மதிக்கலாம். உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். லேசான வீக்கம் விரலுக்குத்தான் தட்டுப்படும். மூட்டின் சூடு புறங்கைக்குத்தான் தெரியும். நேரில் வருவதை டாக்டர் அடியோடு நிறுத்தச் சொல்லாததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் மருத்துவமனையில் தெரியாத ஒன்று உங்கள் வீட்டில் தெரியும். இந்த நோயில் காலையில்தான் மூட்டு விறைத்துக்கொள்ளும். நொண்டிக்கொண்டே எழுந்த பிள்ளை, டாக்டர் முன்னால் போய் நிற்கும் நேரத்துக்குள் நன்றாக நடந்துவிடும். "வீட்டில் நொண்டினாளே!" என்று அம்மா சொல்வதை நிரூபிக்க வழியிருக்காது. இப்போது இருக்கிறது. அவள் படுக்கையை விட்டு இறங்கும்போதே அரை நிமிடம் வீடியோ எடுங்கள். விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆனது என்று கீழே குறித்து வையுங்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

வீடியோ கால் அன்று அரைக்கால் சட்டை போட்டுவிடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல், அவள் இடுப்பு உயரத்தில் எதிலாவது சாய்த்து வையுங்கள். இரண்டு முழங்காலும் ஒன்றாகத் திரையில் தெரிய வேண்டும். ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால்தான் வீக்கம் பிடிபடும். நுனிக்காலில் நட, குதிகாலில் நட, கைகூப்பு, முஷ்டி மடக்கு, உன் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வை என்றெல்லாம் டாக்டர் சொல்வார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கடைசியாகச் சொன்னது தாடை மூட்டைப் பார்க்க. நாமாக இருந்தால் அதைப் பார்க்கவே தோன்றாது.

போனில் முடியவே முடியாதது கண் பரிசோதனை. இந்த நோயோடு வரும் யுவைட்டிஸ் என்கிற கண் அழற்சி பல பிள்ளைகளுக்குச் சிவப்போ வலியோ இல்லாமல் உள்ளுக்குள்ளேயே பார்வையைக் கெடுக்கும். கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்கிற கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூட்டு நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையைப் பக்கத்திலேயே எடுத்து, முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

மருந்தை நினைவூட்டச் செயலி வைத்திருந்தால், அது வாரம் ஒருமுறைதான் ஒலிக்கிறதா என்று இன்றே பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து கொதித்து, காலை ஊன்றவே மறுக்கிறாளா? அப்போது வீடியோ கால் எல்லாம் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், அம்மை போட்ட யாருடனாவது அவள் பழகியிருந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம், டாக்டர் அவளிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நான் பார்த்தவரை எல்லா அம்மாக்களும் செய்வதுதான் இது. அவள் யோசிக்கட்டும், விரலால் தொட்டுக் காட்டட்டும். அவள் காட்டும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோங்கள், போதும்.