ஏர்லாக்கை நம்பாதீர்கள்: வீட்டு பியர் கேள்வி-பதில்

கே: ஈஸ்ட் போட்டு இரண்டு நாளாகியும் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) ஒரு குமிழிகூட இல்லை. இன்னொரு பாக்கெட் போடட்டுமா? (ஹாரோ, லண்டன்)

ப: வேண்டாம். வாளிக்கு வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உட்சுவரில் பழுப்பு நுரை வளையமாக ஒட்டியிருந்தால் நொதித்தல் நடக்கிறது. வாயு மூடியின் விளிம்பு வழியாகக் கசிகிறது, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து ஹைட்ரோமீட்டரைப் (அடர்த்தி அளக்கும் கண்ணாடி மிதவை) பாருங்கள். சர்க்கரை சாராயமாக மாற மாற அடர்த்தி குறையும்; 1.045இல் தொடங்கியது 1.020க்கு இறங்கியிருந்தால் ஏர்லாக் மௌனவிரதம் இருந்துவிட்டுப் போகட்டும்.

கே: அவசரத்தில் மால்ட் சாறு (முளைகட்டிய தானியச் சாறு) 30 டிகிரியில் இருக்கும்போதே ஈஸ்டைப் போட்டுவிட்டேன்.

ப: ஈஸ்ட் செத்திருக்காது. ஆனால் ஏல் வகை பியருக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரிதான் தோது. சூட்டில் வேலை செய்தால் பழ வாசனை தூக்கலாகும், தொண்டையைச் சுடும் சாராய நெடியும் சேரும். முதல் இரண்டு மூன்று நாள்தான் முக்கியம். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துண்டு சுற்றி, மெதுவாகக் குளிர வையுங்கள்.

கே: பாட்டிலுக்குள் வாயு உண்டாக 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போடவேண்டிய இடத்தில் 240 கிராம் போட்டு, பாட்டில்களில் அடைத்து மூடியும் விட்டேன். பரவாயில்லையா? (டொரன்டோ)

ப: பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயுவாக மாறும். பியரில் ஏற்கெனவே கரைந்திருப்பதையும் கூட்டினால், உங்கள் ஒவ்வொரு லிட்டரிலும் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு அடைபடும். வழக்கமான பாட்டிலுக்கு இரண்டரையே போதும்.

இன்றே எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். குளிரில் ஈஸ்ட் முடங்கும், வாயுவும் பியருக்குள் அடங்கும். மறுநாள் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, பாட்டிலைத் துண்டால் போர்த்தி, மூடியை லேசாக நெம்புங்கள். 'உஸ்' சத்தம் ஓய்ந்ததும் புது மூடி போடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்யவேண்டி வரலாம்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் ஒருமுறை ஒரு பாட்டில் வெடித்தது. எதிரே இருந்த அரிசி மூட்டையில் கண்ணாடிச் சில்லு குத்திக்கொண்டு நின்றது. மூட்டையோடு எறிந்தோம். அந்த வாரம் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

கே: பியரில் மருந்துக்கடை வாடை.

ப: பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரின். வந்த வாடை போகாது. அடுத்தமுறை 20 லிட்டர் தண்ணீருக்கு குளோரினை நீக்கும் கேம்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கே: மதுரையில் இதைச் செய்துபார்க்கலாமா?

ப: கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனிலேயே 1963 வரை வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது.

கே: ஹைட்ரோமீட்டர் வாளிக்குள் உடைந்துவிட்டது. துணியில் வடிகட்டினால் போதுமா?

ப: போதாது. கொட்டிவிடுங்கள்.